படியெடுத்த உயிரும் பழைய மூப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தலைச்சோலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மூப்பைப் பற்றிய பழைய வினா

ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று பிசிராந்தையாரிடம் வினவினர். நல்ல மனைவி, அறிவுள்ள மக்கள், சொற்கேட்கும் ஏவலர், நீதி தவறாத அரசன், இவர்களுக்கும் மேலாக ஊரில் நிறைந்து வாழும் சான்றோர் ஆகிய இவர்களே காரணம் என்று அப்புலவர் விடையிறுத்தார். புறநானூற்றின் 191ஆம் பாட்டு தரும் செய்தி இது. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ளது தகடூர் நாடு. உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் என்று கருதப்பெற்ற நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். மலைக்குத் தென்மேற்கே நிற்பது கஞ்சமலை. முதுமையை மாற்றும் மூலிகையைச் சித்தர்கள் தேடிய மலை என்று மக்கள் அதனைப் போற்றி வருகின்றனர். புலவர் ஒழுக்கத்தில் விடை கண்டார்; வள்ளல் கனியில் கண்டான்; சித்தர் மூலிகையில் கண்டனர். விடைகள் வேறாயினும் வினா ஒன்றே. மூப்பு என்பது உடலில் எங்கே தங்கியிருக்கிறது?

சேக்கிழார் பாடிய திருமூலர் வரலாற்றில் இவ்வினா வேறொரு வடிவில் மறைந்து கிடக்கிறது. கயிலையிலிருந்து தென்திசை வந்த சிவயோகியார், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சூழ்ந்து நின்று கதறுவதையும் கண்டார். பசுக்களின் துயரைத் தீர்க்க எண்ணித் தம் உடலை ஓரிடத்தே மறைத்துவைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்தார். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று தமிழ் மரபு இதனைச் சொல்லும். அங்ஙனம் எழுந்தவருக்கு வயது எது? புகுந்த உயிரின் வயதா, புகப்பெற்ற கூட்டின் வயதா? பக்தி இலக்கியத்திற்கு இவ்வினா தேவைப்படவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆட்டுக்குட்டி பிறந்தபோது உலகம் முழுவதும் இவ்வினாவையே கேட்டது.

ஆறு வயதோடு பிறந்த குட்டி

1996ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் டாலி என்னும் செம்மறிக் குட்டி பிறந்தது. இயன் வில்மட், கீத் கேம்பெல் முதலிய அறிஞர்கள், ஆறு வயதுப் பெண் ஆடு ஒன்றின் பால்மடியிலிருந்து எடுக்கப்பெற்ற உயிரணுவைக் கொண்டு இக்குட்டியை உருவாக்கினர். மற்றோர் ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, வெறுமையான அக்கூட்டுக்குள் மடி உயிரணுவைச் சேர்த்து, மின்னதிர்வால் இரண்டையும் ஒன்றாக்கினர். உருவான கருவை மூன்றாவது ஆடு ஒன்று சுமந்து ஈன்றது. இவ்வாறு இணைக்கப்பெற்ற 277 முட்டைகளுள் உயிரோடு பிறந்து வளர்ந்தது டாலி ஒன்றே. தந்தையின்றிப் பிறந்த அக்குட்டி, மடியணு தந்த ஆட்டின் படியாகும். குளோனிங் என்று வழங்கும் இம்முறையைத் தமிழில் படியாக்கம் எனலாம். உட்கரு தன் கூட்டை விட்டு வேறொரு கூட்டிற் புகுதலின், கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்னும் தொடர் இதற்கு முற்றும் பொருந்துவதாகும்.

1997 பிப்ரவரியில் செய்தி வெளியானது. இரண்டாண்டு கழித்து, 1999இல், டாலியின் உயிரணுக்களைச் சோதித்தவர்கள் ஒரு குறையைக் கண்டனர். அவ்வுயிரணுக்களின் குரோமோசோம் முனைகள், அதே வயதுடைய பிற ஆடுகளின் முனைகளைவிடக் குறுகியிருந்தன. ஆறு வயது ஆட்டின் தேய்மானம் குட்டிக்கும் வந்துவிட்டது என்று உலகம் முடிவு செய்தது. ‘பிறக்கும்போதே கிழமான குட்டி’ என்னும் தொடர் நாடெங்கும் பரவிற்று. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டாலிக்கு மூட்டுவாதம் கண்டிருப்பதாக அறிவித்தனர். 2003 பிப்ரவரி 14 அன்று, நுரையீரற் கட்டியால் துன்புற்ற டாலி மருந்தூசியால் இறுதித் துயிலில் ஆழ்த்தப்பெற்றது. அப்போது அதற்கு வயது ஆறரை. தாயணுவின் ஆறும் தன் ஆறரையும் சேர்ந்தால் பன்னிரண்டரை. செம்மறியின் இயல்பான வாழ்நாளும் ஏறத்தாழ அதுவே. கணக்கு எதுகையும் மோனையும் போல் அழகுற அமைந்துவிட்டது. அழகாக அமைந்தமையாலேயே அது ஆராயப்படாமல் நம்பப்பட்டது.

ஏட்டின் ஓரமும் உயிரணுவின் முனையும்

ஏடெழுதுவோர் ஓலையின் இரு முனைகளிலும் எழுத்தின்றிச் சிறிது ஓரம் விடுவது பழைய வழக்கம். கைபட்டுத் தேய்வதும் ஒடிவதும் செல் அரிப்பதும் முதலில் ஓரத்திலேதான். ஓரம் உள்ளவரை பாட்டுக்குத் தீங்கில்லை. ஓரம் தீர்ந்தபின் சீரும் அடியும் சிதையத் தொடங்கும். முனை முறிந்த ஏடுகளைக் கொண்டு உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர்.

உயிரணுவின் உள்ளேயும் அத்தகைய ஓரம் உண்டு. மனித உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையால் ஆனவை. அவ்விழையின் இரு முனைகளிலும், உடற்கூறு எதனையும் வகுத்துரைக்காத ஒரு பகுதி அமைந்திருக்கிறது. டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் அங்கே ஆயிரக்கணக்கான முறை மீண்டும் மீண்டும் அடுக்கி வருகிறது. மனிதனுக்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் இத்தொடர் ஒன்றே. சந்தப் பாடலின் தலையில் நிற்கும் ‘தனதன தானன’ என்னும் குழிப்பைப் போல அதற்குத் தனக்கென்று பொருள் இல்லை, பயன் உண்டு. இழையின் முனை பிரியாமலும், ஒரு குரோமோசோமின் முனை மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளாமலும் காப்பதே அப்பயன். இதற்கு டெலோமியர் என்று பெயர் சூட்டியவர் ஹெர்மன் முல்லர், ஆண்டு 1938. கிரேக்க மொழியில் ‘டெலோஸ்’ என்பது முடிவு. ‘மெரோஸ்’ என்பது கூறு. முனைக்கூறு என்று தமிழில் சொல்லின் சொல்லும் பொருளும் ஒக்கும்.

முனைக்கூறு ஏன் தேய்கிறது? சேலத்துத் தறிவீடுகளைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பாவு முழுவதையும் நெய்து முடித்தாலும், விழுதுக்குப் பின்னால் கடைசியில் சிறிது நூல் நெய்யப்படாமல் நின்றுவிடும். அதனைத் துணியாக்கத் தறியால் இயலாது. டி.என்.ஏ. இழையைப் படியெடுக்கும் நொதிக்கும் இத்தகைய குறையே உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இழையின் கடைசித் துண்டு படியெடுக்கப்படாமல் விடுபடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனித உயிரணுக்களில், ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 50 முதல் 100 எழுத்துகள் இவ்வாறு குறைகின்றன.

இதற்கு முன்பே, 1961இல், அமெரிக்க அறிஞர் லியோனார்டு ஹேஃப்ளிக் ஓர் உண்மையைக் கண்டிருந்தார். மனித உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிதலை நிறுத்திவிடுகின்றன. எண்ணிக்கொண்டிருப்பது எது என்பது அப்போது தெரியவில்லை. மாஸ்கோவைச் சார்ந்த அலெக்சி ஓலோவ்னிக்கோவ் 1971இல் விடையை ஊகித்தார். படியெடுப்பில் முனை குறைவதே அக்கணக்கு என்றார் அவர். ஊகம் பின்னர் மெய்யாயிற்று.

ஆயின் ஒரு வினா எஞ்சியது. ஒவ்வொரு பிரிவிலும் ஓரம் தேயுமாயின், தலைமுறை தலைமுறையாக உயிர்கள் எவ்வாறு குறையாமல் தொடர்கின்றன? பாட்டனின் தேய்மானம் பேரனுக்கு வரவில்லையே! இதற்கு விடை கண்டவர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் என்னும் பெண்மணிகள் இருவர். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒற்றையணு உயிரில், முனையை மீண்டும் நீட்டிக்கொடுக்கும் நொதி ஒன்றை அவர்கள் 1984இன் இறுதியில் கண்டனர். டெலோமரேஸ் என்பது அதன் பெயர். தறியில் நின்றுபோன பாவின் நுனியோடு புதுப்பாவைப் பிணைத்துத் தொழிலைத் தொடரச் செய்பவரைப் போன்றது அந்நொதி. உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அது ஓய்ந்திருக்கிறது. வித்தணுக்களை உண்டாக்கும் மரபிலும், தொடக்கக் கருவிலும் விழித்திருக்கிறது. இவ்விருவரும் ஜாக் சோஸ்டாக்கும் 2009ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கணக்குப் பிழைத்த இடம்

டாலியின் குறுகிய முனைகள் மெய்யானவையே. அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவுதான் பிழைத்தது. டாலியின் நுரையீரற் கட்டி, செம்மறிகளிடையே பரவும் ஒரு வைரசினால் வருவது; அதே நிறுவனத்தில் இயல்பாகப் பிறந்த ஆடுகளுக்கும் அந்நோய் கண்டிருந்தது. டாலி தன் வாழ்நாளில் ஆறு குட்டிகளை இயல்பான முறையில் ஈன்றது என்பதும் நினைவுகூரத்தக்கது. அதன் எலும்புகளைப் பிற்காலத்தில் மீண்டும் ஆராய்ந்தவர்கள், மூட்டுத் தேய்வு அதன் வயதுக்கு மிகையானதன்று என்று 2017இல் அறிவித்தனர்.

இதனினும் வலிய சான்று டாலியின் உடன்பிறப்புகளிடம் கிடைத்தது. டாலி பிறந்த அதே மடியணுத் தொகுதியிலிருந்து பின்னர் நான்கு ஆடுகள் உருவாக்கப்பெற்றன. டெபி, டெனிஸ், டயானா, டெய்சி என்பன அவற்றின் பெயர்கள். அவற்றையும் வேறு ஒன்பது படியாடுகளையும், ஏழு முதல் ஒன்பது வயதில், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக் கெவின் சின்கிளேர் குழுவினர் ஆராய்ந்தனர். குருதியழுத்தம், சர்க்கரை, மூட்டுகள் ஆகிய யாவும் வயதுக்கேற்ற நலத்தோடு இருந்தன என்பது 2016இல் வெளியான அவர்தம் முடிவு. ஒரே ஏட்டிலிருந்து எடுத்த ஐந்து படிகளுள் ஒன்று இளமையில் அழிந்தது, நான்கு நிலைத்தன. அங்ஙனமாயின் அழிவுக்கு மூலவேட்டின் முதுமையைக் காரணம் கூறுதல் பொருந்தாது.

அமெரிக்காவில் ராபர்ட் லான்சா குழுவினர் 2000ஆம் ஆண்டில் இன்னும் துணிவான சோதனை ஒன்றை வெளியிட்டனர். பசுவின் உயிரணுக்களைப் பிரிதல் நின்றுபோகும் எல்லைவரை வேண்டுமென்றே மூப்படையச் செய்து, அம்மூத்த அணுக்களிலிருந்து ஆறு கன்றுகளை அவர்கள் உருவாக்கினர். அக்கன்றுகளின் முனைக்கூறுகள் குறுகியிருக்கவில்லை. ஒத்த வயதுக் கன்றுகளினும் நீண்டிருந்தன. சப்பான் நாட்டு வாகயாமா, சுண்டெலியைப் படியெடுத்து, படியிலிருந்து படியெடுத்து, 2013ஆம் ஆண்டளவில் 25 தலைமுறைகளைக் கடந்தார். அச்சுண்டெலிகளும் இயல்பான வாழ்நாளே வாழ்ந்தன.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 2004இல் வெளியான ஆய்வொன்று தெளிவாக்கியது. புதிதாக உருவான கரு, சில அணுக்கள் திரண்ட உருண்டையாக இருந்து உள்வெளி கொண்ட கோளமாக மாறும் கட்டம் ஒன்றுண்டு. அக்கட்டத்தில் டெலோமரேஸ் விழித்தெழுந்து, முனைகளை அவ்வுயிரினத்திற்குரிய அளவுக்கு நீட்டிவிடுகிறது. தாய்தந்தையரால் உண்டான கருவிலும் இது நிகழ்கிறது. படிக்கருவிலும் இது நிகழ்கிறது. எந்த உறுப்பின் அணுவிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பதற்கேற்ப இதில் ஏற்றத்தாழ்வு உண்டு. டாலியின் முனை குறுகியிருந்தமை அவ்வேற்றத்தாழ்வின் ஒரு பக்கமேயன்றிப் பொதுவிதி அன்று. ஆகவே சாத்தனூரில் எழுந்த வினாவுக்கு அறிவியல் தரும் விடை இது: புகுந்த உயிரின் வயதும் அன்று, கூட்டின் வயதும் அன்று, கருவாகும்போது கணக்கு பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்குகிறது.

கரிமாவும் நூரியும்

இந்தியாவில் நிகழ்ந்தவற்றையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார், விலைமிக்க நுண்கருவிகள் இன்றிக் கையால் முட்டையின் உட்கருவை வெட்டி நீக்கும் முறையை எருமைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினர். 2009 பிப்ரவரியில் முதற்கன்று பிறந்தது. ஒத்த உருவினள் என்னும் பொருள்பட அதற்குச் சம்ரூபா என்று பெயரிட்டனர். சில நாள்களிலேயே அது இறந்தது. அவ்வாண்டு ஜூன் 6 அன்று கரிமா பிறந்தது. இரண்டாண்டுகள் வாழ்ந்து, 2011 ஆகஸ்டில் இதயம் செயலிழந்து மாண்டது.

கரிமாவின் இறப்பு, டாலியின் கதையை நம்பியவர்க்கு மற்றுமொரு சான்றாகத் தோன்றலாம். ஆனால் கரிமாவை உருவாக்க எடுத்தது முதிய எருமையின் அணு அன்று, இளம் அணுவே. தேய்ந்த முனை என்று குற்றம் சாட்ட அங்கே இடமில்லை. 2010 ஆகஸ்டில், கருவின் மூல அணுவிலிருந்து இரண்டாம் கரிமா பிறந்தது. அது வளர்ந்து, 2013 ஜனவரி 25 அன்று இயல்பான முறையில் ஒரு கன்றை ஈன்றது. கன்றின் பெயர் மகிமா. கரிமா, மகிமா என்பன எண்வகைச் சித்திகளுள் இரண்டின் பெயர்கள். பெயரிட்டவர்கள் அதனை எண்ணினார்களோ இல்லையோ, கஞ்சமலையின் அயலில் வாழ்வோர் செவிக்கு அவை அவ்வாறே ஒலிக்கும்.

காசுமீரத்தின் கதை இன்னும் தெளிவானது. ஸ்ரீநகரை அடுத்த வேளாண் பல்கலைக்கழகத்தில், 2012 மார்ச் 9 அன்று, பஷ்மினா வெள்ளாட்டின் படியாக நூரி பிறந்தது. அப்பெயருக்கு ஒளி என்பது பொருள். கர்னாலில் பயன்பட்ட எளிய முறையே அங்கும் கைக்கொள்ளப்பட்டது. நூரி குட்டிகள் ஈன்று, பதினோராண்டுகள் வாழ்ந்து, 2023 டிசம்பரில் இறந்தது. வெள்ளாட்டுக்கு அது குறைந்த வாழ்நாள் அன்று. டாலியின் பெயரை அறிந்தவர் பல்லாயிரவர். நூரியின் பெயரை அறிந்தவர் சிலரே. இளமையில் இறந்த படியுயிர் செய்தியாகிறது. வயது நிரம்பி இறந்த படியுயிர் செய்தியாவதில்லை. பொய்யான உவமைகள் நெடுநாள் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மிளகுக்கொடி சொல்லும் விடை

அவ்வாறாயின் சம்ரூபாவும் கரிமாவும் ஏன் நிலைக்கவில்லை? முனைக்கூறு குற்றவாளி அன்று எனின், குற்றம் யாருடையது? இவ்வினாவுக்குரிய உவமை அயல்நாட்டில் இல்லை. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களிலேயே இருக்கிறது.

‘குளோன்’ என்னும் சொல், சிறுகிளை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1903இல் உருவாக்கப்பெற்றது. கிளையை வெட்டி நட்டு வளர்க்கும் செடிகளைக் குறிக்கவே அது தோன்றியது. எனவே படியாக்கம் என்பது தோட்டக்காரரின் பழைய தொழில். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின்மேல் படரும் மிளகுக்கொடிகளைக் காணாதார் இவ்வவையில் இரார். முதிர்ந்த தாய்க்கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் தண்டுகளை வெட்டிப் பதித்தால் அவை வேர்விட்டுப் புதுக்கொடிகளாகின்றன. தாயின் முதுமை அவற்றுக்கு வருவதில்லை. மரத்தைப் பற்றி ஏறிப் பல்லாண்டு காய்க்கின்றன.

ஆனால் அதே தாய்க்கொடியில், காய்தாங்கும் பக்கக்கிளை ஒன்றை வெட்டி நட்டால் நிகழ்வது வேறு. அதுவும் வேர்விடும்; அதுவும் வளரும்; விரைவில் காய்க்கவும் செய்யும். ஆயினும் அது மரம் ஏறுவதில்லை. புதராகவே நின்றுவிடும். தொட்டியில் வளர்க்கும் புதர்மிளகு என்பது இவ்வாறு உண்டானதே. இரண்டின் மரபுச் செய்தியும் ஒன்றே. எழுத்து ஒன்றும் மாறவில்லை. கிளை தன் தாயின் வயதை மறந்துவிட்டது. ஆனால் தாயின் உடலில் தான் வகித்த பணியை மறக்கவில்லை.

படியுயிர்களின் துன்பமும் இத்தன்மையதே என்று அறிஞர் கருதுகின்றனர். மடியணு மடியாக இருந்ததையும், தோலணு தோலாக இருந்ததையும் மறந்து, மீண்டும் வெறும் கருவாதல் வேண்டும். மரபணுக்களின்மீது படிந்துள்ள வேதிக்குறிகள் அப்பழைய பணியின் நினைவுகள். இயல்பான கருவுறுதலில் அவை ஒழுங்காகத் துடைக்கப்படுகின்றன. படியாக்கத்தில் சில மணிநேரத்திற்குள் முட்டை அவ்வளவையும் துடைத்தாக வேண்டியிருக்கிறது. துடைப்பு முழுமையாகாதபோது நச்சுக்கொடி பழுதுறுகிறது. கன்று அளவுக்கு மீறிப் பருக்கிறது. நுரையீரலும் இதயமும் செவ்வனே அமைவதில்லை. 277இல் ஒன்று என்னும் கணக்கின் பின்னே நிற்பது பெரும்பாலும் இக்குறையே. பிறவாமற்போன கருக்களையும், அவற்றைச் சுமந்து வருந்திய தாய்களையும் பற்றி எவரும் கவிதை எழுதியதில்லை. படியாக்கத்தைக் குறைகூற விரும்புவோர் கூறவேண்டிய குறை இதுவேயன்றி, பிறவிக் கிழம் என்னும் கற்பனை அன்று.

உவமையின் பொறுப்பு

இவ்வளவும் கவிஞர்கள் அவையில் ஏன் உரைக்கப்படுகிறது என்னும் ஐயம் எழலாம். டெலோமியரை மெழுகுவத்தி என்றும், வாழ்நாள் நூல் என்றும், உடலின் கடிகாரம் என்றும் சொன்னவர்கள் அறிவியலாரும் செய்தியாளருமே. ஆனால் அவை உவமைகள். உவமை ஆள்வது புலவரின் தொழில் ஆதலின், அதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் கடமையும் புலவர்க்கே உரியது. நூல் நீண்டால் வாழ்வு நீளும் என்னும் உவமையைப் பற்றிக்கொண்டு, முனைக்கூற்றை நீட்டும் குளிகைகளும், அதனை அளந்து வயது சொல்லும் சோதனைகளும் விலைக்கு வந்துவிட்டன. கஞ்சமலை மூலிகையின் புதிய வடிவம் இது.

நூல் உவமை இரண்டிடங்களில் அறுந்துபோகிறது. ஆய்வுக்கூடச் சுண்டெலியின் முனைக்கூறு மனிதனுடையதைவிடப் பன்மடங்கு நீளமானது. ஆயினும் அது வாழ்வது இரண்டு மூன்று ஆண்டுகளே. மற்றொன்று இன்னும் அச்சம் தருவது. மனிதரிடம் தோன்றும் புற்றுகளுள் 85 முதல் 90 விழுக்காட்டில் டெலோமரேஸ் விழித்தெழுந்து வேலை செய்கிறது. முடிவின்றிப் பிரியும் வல்லமையைப் புற்றணு பெறுவது அதனாலேயே. ஓரம் தேய்தல் ஒரு வகையில் உடலின் காவல். கட்டுமீறிப் பெருகும் அணுவை அது நிறுத்திவைக்கிறது. சாவாமை பெற்ற அணு, தான் வாழும் உடலைச் சாகச் செய்கிறது. அதியமான் கனியைத் தான் உண்ணாமல் கொடுத்ததன் அருமை இங்கே வேறொரு பொருளில் விளங்குகிறது.

இவ்வுரையில் எடுத்தாளப்பெற்ற உவமைகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஓலையின் ஓரம் தேய்ந்தால் தானே வளராது. கருவில் உயிரணுவின் ஓரம் வளர்கிறது. தறியில் பாவு பிணைப்பவர் துணியின் அளவறிந்து நிறுத்துவார். புற்றணுவில் நொதி நிறுத்துவதில்லை. உவமை பொருளுக்கு வழிகாட்டும் அளவுக்கே கொள்ளத்தக்கது. பொருள் கிடைத்தபின்னும் உவமையையே பற்றி நிற்பவர், டாலியின் வாழ்நாளை ஆறோடு ஆறரையைக் கூட்டிக் கணக்கிட்டவர்களைப் போல் ஏமாறுவர்.

இறுதியாக ஒன்று. வளர்த்த நாயையும் குதிரையையும் படியெடுத்துத் தரும் தொழில் அயல்நாடுகளில் இப்போது நடைபெறுகிறது. இறந்ததை மீட்டுத் தருவதாக அதனை நம்பிப் பணம் கொடுப்போர் உளர். அவர்கள் திருமூலர் வரலாற்றின் பிற்பகுதியை நினைத்தல் நலம். மாலையில் பசுக்கள் தத்தம் மனைகளுக்குச் சென்றபின், மூலனின் மனைவி தன் கணவனைத் தேடி வந்தாள். உருவம் அவனுடையதே. ஆனால் அவர் அவளைத் தீண்டவில்லை. உனக்கும் எனக்கும் உறவில்லை என்றார். ஊரார் கூடிப் பார்த்து, அவர் மூலன் அல்லர், வேறொரு பெரியவர் என்று உணர்ந்தனர். படியுயிரும் அத்தகையதே. அது பழையதன் மீட்சி அன்று. பழையதன் மூப்பும் அதற்கு இல்லை. தனக்கென்று ஒரு முதல் நாளும், தனக்கென்று ஓர் இறுதி நாளும் உடைய வேறோர் உயிர் அது. சம்ரூபாவின் சில நாள்களும், நூரியின் பதினோராண்டுகளும் அவ்வவற்றுக்கே உரியவை.

பிசிராந்தையாரின் விடையோடு தொடங்கிய உரை அவ்விடையோடே நிறைவுறலாம். நரை வாராமைக்கு அவர் கூறிய காரணங்களுள் முடிவாக வைத்தது, ஊரிலுள்ள சான்றோரின் கூட்டுறவு. எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்து பார்க்கப்பெறாத மருந்து அது. பத்தாண்டுகளாக இம்மலையில் மாதந்தோறும் கூடி, பழம்பாட்டைப் படியெடுத்துப் படித்தும் புதுப்பாட்டைப் பிறப்பித்தும் வரும் இவ்விலக்கிய வட்டத்தார் அம்மருந்தின் பயனை அறிவர். பழைய தமிழைப் படியெடுப்பவர்க்கும் அதன் மூப்பு வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு பாடலும் தன் முதல் நாளிலிருந்தே வயதைத் தொடங்குகிறது. வட்டம் வளர்க, அதன் பாடல்கள் தத்தம் வாழ்நாளை நிறைவாக வாழ்க.